நாறும்பூநாதனும் விடுபட்ட இசக்கியப்பனும்

குற்றாலத்தில் ஒரு கதாசிரியர், தன் கதையிலிருந்து எழுந்து வந்த பாத்திரத்திடமே கன்னத்தில் அறை வாங்கினார் என்று ஆடி பிறந்த முதல் வாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. மெயினருவிக்கரை மங்குஸ்தான் வியாபாரி சொன்னபோது அது ஒரே ஒரு அறையாகத்தான் இருந்தது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டு கன்னமும் ஆகிவிட்டது. செங்கோட்டையில் பூட்ஸ் காலால் உதை என்றார்கள். புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டவிட்டால் துப்பாக்கியே வந்துவிடும் என்று பயந்து, அதற்குள் மடக்கிப் பிடித்து விசாரித்துவிடுவது என்று கிளம்பினேன்.

அறை வாங்கியதாகச் சொல்லப்பட்டவர் நாறும்பூநாதன். வடகரைக்காரர், வயது ஐம்பத்தெட்டு. அவர் முகம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. குரல் தெரியும். சீசனில் மெயினருவிப் பக்கம் போனவர் எவரும் அந்தக் குரலிலிருந்து தப்பியதில்லை. "சிவப்புச் சட்டை அணிந்த, தன் பெயர் தர்ஷன் என்று கூறும் ஐந்து வயதுச் சிறுவன் உதவி மையத்தில் உள்ளார்" என்று அருவிச் சத்தத்துக்கு மேலே ஒலிக்குமே, அவர்தான். மீதி மாதங்களில் அதே குரல் ஆட்டோவில் ஏறி ஜவுளிக்கடைத் தள்ளுபடியைச் சொல்லும். வடகரையில் அப்பா வைத்துப்போன நெல்வயலைத் தம்பி பார்க்கிறார். "அவனுக்கு உழவு வருது, எனக்குக் குரல் வருது, பங்கு பிரிச்சாச்சு" என்பார்.

கதாசிரியர் ஆனதும் அந்த அறிவிப்புக் கூண்டில்தான். தொலைந்த பிள்ளைகள் பெற்றோர் வரும்வரை அழும். அழுகையை நிறுத்தக் கதை சொல்லுவார். எந்த எழுத்தாளருக்கும் இப்படி ஒரு வாசகர் கூட்டம் வாய்க்காது. அம்மா வரும்வரை எழுந்து போக முடியாத வாசகர்கள்! கதை முடியாமல் போகமாட்டேன் என்று பிள்ளைகள் அழுததாக அவர் சொல்கிறார். கதை ஆரம்பித்த பிறகுதான் அழுததாகப் பக்கத்து டீக்கடை ஸ்டான்லி சொல்கிறார். இரண்டுக்கும் சாட்சி கிடையாது.

அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்ந்த கதையைப் போன வருஷம் புத்தகமாகப் போட்டார். பெயர், 'பட்டாளத்துக்குப் போன பந்து'. உலகப்போர்க் காலத்தில் வடகரைக் கால்பந்துக் குழு மொத்தமாகப் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாக் காடு வரை பந்தையும் கூடவே கொண்டுபோகிற கதை. கோல் கீப்பர், எதிரி எறிந்த குண்டைப் பாய்ந்து பிடித்துத் திருப்பி எறிவார். பிள்ளைகளுக்கு அந்த இடம் உயிர். நாறும்பூநாதன் பந்தை உதைத்தவரும் இல்லை, துப்பாக்கியைத் தொட்டவரும் இல்லை. அவருக்குத் தெரிந்தது மைக் ஒன்றுதான். அதனால் மூன்றாம் அத்தியாயத்தில் படைத்தளபதி வீரர்களிடம் இப்படிப் பேசுகிறார்: "வீரர்கள் தங்கள் உடைமைகளைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளவும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு போர்க்களத்துக்குள் வர வேண்டாம்."

நான் போன நேரம் அவர் சாரலுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மப்ளரை அவிழ்த்துக் கன்னங்களைக் காட்டினார்.

"நல்லா பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. எந்தக் கன்னம்னாவது சொன்னானுவளா?"

"மங்குஸ்தான் கடையில எடதுன்னாங்க."

"எடதா! சண்டைக்கு வந்த அக்கா சோத்தாங்கைக்காரி. எதிர்த்தாப்ல நின்னு அறைஞ்சா எடதுலதான் விழும். பொய்யைக்கூட எவ்வளவு யோசிச்சுச் சொல்லுதானுவ பாருங்க!"

ஆக, இசக்கியப்பன் என்ற அந்தப் பாத்திரம் வரவில்லை. பாத்திரத்தின் மகள் வந்திருக்கிறார். அறை விழவில்லை. ஒரு பிஸ்கட் டப்பா மேஜை மேல் விழுந்திருக்கிறது. அது தள்ளிவிட்ட டீ இவர் மடியில் விழுந்திருக்கிறது. அந்த நேரம் மைக்கை அணைக்க மறந்திருக்கிறார். "இசக்கியப்பனே எந்திரிச்சு வந்திருக்காருன்னு வச்சுக்கிடுங்க!" என்று ஒரு பெண்குரல், அடுத்து 'டமார்', அடுத்து "ஐயோ அம்மா!" இவ்வளவும் நான்கு ஸ்பீக்கரில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி, கார் நிறுத்துமிடம் வரை போயிருக்கிறது. காதில் அருவி விழுந்துகொண்டிருந்த ஆயிரம் பேர், கேட்டதைத் தங்கள் தங்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"அவுக கோவத்துல நியாயம் உண்டா?" என்று கேட்டேன்.

"கோவத்துல நியாயம் உண்டு. ஆனா எம் பேர்ல தப்பில்ல" என்றார் நாறும்பூநாதன். இதைப் புரிந்துகொள்ள அடுத்த பஸ் பிடித்து ஆய்க்குடி போகவேண்டியதாயிற்று.

அந்த மகள் முத்துவடிவு அங்கேதான் இருக்கிறார். அறுபத்தேழு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மூன்று மூன்று நிமிடக் கணக்கில் வெளியூர் டிரங்க் கால் இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் பேசத் தொடங்கி மூன்று நிமிடம் ஆனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குமேல் அவர்தான் பேசினார்.

"அறையணும்னுதான் போனேன். அதை மறைக்க மாட்டேன். கையில டப்பா இருந்துட்டு."

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு மீனா டீச்சர் தென்காசியில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறார். பள்ளி ஆண்டுவிழாவில் நாறும்பூநாதனின் கதையை நாடகமாகப் போட்டு, முத்துவடிவையும் கூட்டிப்போயிருக்கிறார். ஏழாம் அத்தியாயம் வந்தது. பட்டாளத்தில் ஆள் எடுக்கும் நாளில் பத்துப்பேர் வரிசையில் நிற்க, பதினோராவது ஆள் இசக்கியப்பன் மட்டும் பயந்துபோய் வைக்கோல் போருக்குள் ஒளிந்துகொள்கிறான். பள்ளியில் வைக்கோல் கிடைக்காததால் ஒரு நீல டிரம்முக்குள் ஒளிந்தான். டிரம்மிலிருந்து தலையை மட்டும் நீட்டி, "எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்டதும் அரங்கம் குலுங்கியிருக்கிறது.

"வடகரை இசக்கியப்பன்னு ஊரு பேரோட சொன்னாங்க தம்பி. வடகரையில அந்தக் காலத்துல பட்டாளத்துக்குப் போன இசக்கியப்பன் எங்கப்பா ஒருத்தர்தான்."

அதோடு முடிந்திருந்தால் டப்பா கிளம்பியிருக்காது. அந்தப் பெயர் பள்ளிக்கூட மைதானங்களுக்குப் பரவிவிட்டது. ஆட்டத்துக்கு வராத பிள்ளை, ஓரமாக ஒதுங்கும் பிள்ளை, எல்லாம் இசக்கியப்பன். ஒருநாள் முத்துவடிவின் வீட்டு கேட் முன்னாலேயே ஒரு சிறுமி இன்னொருத்தியைப் பார்த்து, "ஏட்டி, அவளைக் கூப்பிடாத, அவ ஒரு இசக்கியப்பன்" என்றிருக்கிறாள்.

"யாருன்னே தெரியாம எங்கப்பா பேரைச் சொல்லித் திட்டுதுவ. எம் வாசல்ல நின்னு திட்டுதுவ. அதைக் கேட்டுக்கிட்டு எப்படி உள்ள உக்காந்திருக்க முடியும், சொல்லுங்க? எங்கப்பா பேரை எனக்குத் திருப்பித் தரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த சான்று, மடித்த இடமெல்லாம் கிழிந்திருந்தது. பர்மா எல்லையில் இடது காலில் காயம் என்று எழுதியிருந்தது.

"எடது கால்ல ரெண்டு வெரலு கெடையாது அவருக்கு. எங்க போச்சுன்னு கேட்டா, செருப்பு கடிச்சிட்டும்பாரு. எந்த ஊர்ச் செருப்பு வெரலைக் கடிச்சுத் திங்கும்? ஆனா அதுக்குமேல ஒரு வார்த்தை வாங்க முடியாது. தென்னைக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருவாரு."

"பந்து ஆடினதைப் பத்தி?"

முத்துவடிவு டப்பாவை மூடினார். "அவரு பந்து ஆடுனாருங்கதே எனக்கு அந்த டிராமாவுலதான் தெரியும்" என்றார். அப்புறம், "அந்தாள் கையில அப்பா போட்டோ ஒண்ணு இருக்காமே? கோவத்துல பாக்காம வந்துட்டேன். நீங்க பாத்தியளா? எப்படி இருக்காரு?"

நான் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டான்லி டீக்கடையில் எல்லாருமே பார்ப்பது என்று முடிவாயிற்று.

அந்த போட்டோதான் நாறும்பூநாதனின் ஆராய்ச்சி மொத்தமும். தென்காசியில் ஒரு கண்ணாடிச் சட்டம் போடும் கடையில், பழைய முருகன் படத்தைப் பிரித்தபோது பின்னட்டையாக வைத்திருந்தது கிடைத்தது. பதினொரு பேர், ஒரு பந்து, அடியில் இங்கிலீஷில் மையெழுத்து: பட்டாளத்தில் சேரும் முன் வடகரைக் குழு, 1942. பத்துப்பேரின் பெயரைக் கரையான் தின்றுவிட்டது. அந்தப் பத்துப்பேருக்கும் இவரே பெயர் வைத்தார். மிச்சமிருந்த ஒரே பெயரை அப்படியே போட்டார். புத்தகத்தில் நிஜமான பெயர் அது ஒன்றுதான். அந்த ஒன்றைத்தான் வைக்கோலுக்குள் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல சாரல். பாலிதீன் உறையில் சுற்றிய போட்டோவை நாறும்பூநாதன் பெஞ்சில் வைத்தார். முத்துவடிவு குனிந்து பார்த்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லியான ஆளின் மேல் விரல் நின்றது.

"மீசையே இல்ல" என்றார். அப்புறம், "இவ்வளவு திமிரு இருந்திருக்கு. வீட்டுல ஒருநாளும் காட்டினதில்லையே."

நாறும்பூநாதன் நேரம் பார்த்துத் தன் வழக்கை எடுத்து வைத்தார். "யக்கா, நான் வேணும்னு எழுதல. அவுக பேருக்குக் கீழ என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க. லெப்ட் அவுட்டு. லெப்ட்டுனா விட்டு, அவுட்டுனா வெளிய. விட்டு வெளிய வச்சிட்டாகன்னுதானே அர்த்தம்? ஏன் வெளிய வச்சாகன்னு யோசிச்சேன். பயந்திருப்பாருன்னு தோணுச்சு."

முப்பது வருஷம் டிரங்க் லைனில் இங்கிலீஷ் பேசியவர் முத்துவடிவு. படித்தார். திரும்பவும் படித்தார். முகத்தில் இருந்த சண்டை மெல்ல இறங்கிவிட்டது. "முதல்ல வேண்டாம்னு விட்டுட்டு, பெறவு சேர்த்திருப்பாங்களோ?" என்று அவர் யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. ஜெயித்த நாறும்பூநாதனுக்கும் அந்த ஜெயிப்பு பிடிக்கவில்லை. மப்ளரை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

டீயைக் கொண்டுவந்த ஸ்டான்லி எட்டிப் பார்த்தார். எழுபத்து நாலு வயது. டீ ஆற்றுவதற்கு முன்னால் இருபது வருஷம் கால்பந்து ரெபரியாக விசில் ஊதியவர். பத்தடி தூரத்தில் இப்படி ஒருத்தர் இருக்க, நாறும்பூநாதன் கால்பந்துக் கதையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இனாமாகப் புத்தகம் கொடுத்தால் படிப்பேன் என்று ஸ்டான்லி சொல்ல, இனாமாகக் கொடுக்கமாட்டேன் என்று நாறும்பூநாதன் சொல்ல, போன சீசனிலிருந்து இருவருக்கும் டீக்கு மேல் பேச்சு கிடையாது.

"யாருவே அது, லெப்ட் அவுட்டு?" என்றார் ஸ்டான்லி.

"விட்டுட்டுப் போன ஆளு."

ஸ்டான்லி சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. பெஞ்சில் ஐந்து கிளாசை வரிசையாக வைத்தார். "பழைய ஆட்டத்துல முன்னால அஞ்சு பேரு. இது ரைட் அவுட்டு, இது ரைட் இன்னு, நடுவுல சென்டரு, இது லெப்ட் இன்னு, இந்தா ஓரத்துல நிக்கான் பாத்தீரா, இவன்தான் லெப்ட் அவுட்டு. எடது ஓரமா பந்தைக் கொண்டு ஓடுதவன். இருக்கதுலயே வேகமான பயலைத்தான் அங்கன போடுவாங்க. அவனைப் போயி வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கீரே, நீரெல்லாம் என்னவே எழுதுதீரு?"

"ரைட் அவுட்டைக் கரையான் தின்னுட்டுதே! அது இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார் நாறும்பூநாதன்.

"கரையான் எழுத்தைத்தான் தின்னுச்சு. உம்ம வாயையுமா தின்னுச்சு? எங்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

முத்துவடிவு ஓரத்துக் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "எடது காலாலயா ஆடுவாங்க, அந்த எடத்துல?"

"பெறவு? எடதுகால்காரனுக்குன்னே உள்ள எடம்லா அது."

அவர் மறுபடி போட்டோவின் மேல் குனிந்தார். போட்டோவில் இசக்கியப்பன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே இருந்தது இடது கால். ஐந்து விரலும் இருந்தன.

நாறும்பூநாதன் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். பிழைத்திருத்தச் சீட்டு அடித்து மிச்சப் புத்தகங்களில் ஒட்டிவிடுகிறேன் என்றார்.

"கேலி பண்ணுத பிள்ளைங்க சீட்டையா படிக்கும்?" என்றார் முத்துவடிவு. "காது வழியா போனது காது வழியாதான் திரும்பணும். உங்ககிட்ட நாலு ஸ்பீக்கர் இருக்குல்லா?"

அன்று தென்காசிப் பள்ளிக்கூடங்களில் பாதி அருவிக்கரையில்தான் நின்றது. நாறும்பூநாதன் கூண்டுக்குப் போய் மைக்கைத் தட்டினார். தட்டியதும் வடகரைப் பேச்சு மறைந்து வானொலித் தமிழ் வந்துவிட்டது.

"கவனிக்கவும், கவனிக்கவும். வடகரையைச் சேர்ந்த இசக்கியப்பன், வயது இருபத்திரண்டு, ஒல்லியான தேகம், வெள்ளை அரைக்கால் சட்டை அணிந்தவர். இவர் விடுபட்டுவிட்டதாக ஏற்கெனவே தவறாகச் சொல்லப்பட்டது. இவர் விடுபடவில்லை. இடது ஓரமாக மிக வேகமாகப் போனவர். பட்டாளத்துக்கும் போனார். பயந்து ஒளியவில்லை. இவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் குழந்தைகள் அதை இத்துடன் நிறுத்திக்கொள்ளவும். தவறு முழுவதும் எழுதியவருடையது."

நல்ல அறிவிப்பு. அருவிக்கு அடியில் நிற்பவர்களுக்குக் கேட்டது: 'இருபத்திரண்டு வயது, அரைக்கால் சட்டை, இடது ஓரமாக வேகமாகப் போனவர்.' ஆண்கள் பகுதியில் அத்தனை பேரும் கம்பிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இடது ஓரத்தைப் பார்த்தார்கள். "ஏலே, ஒரு பையனைத் தண்ணி இழுத்துட்டாம்லே!" என்று ஒருவர் கத்தினார். நாலு பேர் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கொல்லத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கூண்டுக்கு ஓடிவந்து, "ஆளைக் கிட்டியோ சேட்டா?" என்று ஆள் கிடைத்தானா எனக் கேட்டுப் பதறியது. நாறும்பூநாதன் அவசரமாக மைக்கை இழுத்து, "யாரும் தேட வேண்டாம், அவர் முப்பத்தாறு வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்" என்று விளக்கம் சொன்னார். அதற்கப்புறம் நிலைமையைச் சரிசெய்யக் கால்மணி நேரம் ஆயிற்று. மூன்று நாளைக்கு மைக்கைத் தொடக்கூடாது என்று அவருக்கு உத்தரவாயிற்று.

முத்துவடிவு போட்டோவை முந்தானைக்குள் நனையாமல் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்கப்பாவைத் தேடி இம்புட்டுப் பேரு இறங்கிட்டாங்களே!"

மைக் இல்லாத அந்த மூன்று நாளும் நாறும்பூநாதன் ஆய்க்குடிக்குப் போய், முத்துவடிவு வீட்டில் உட்கார்ந்து மிச்சப் புத்தகங்களைத் திருத்தினார். சீட்டுக்கு அவசியமில்லாமல் போய்விட்டது. ஏழாம் அத்தியாயத்தில் "இசக்கியப்பன் வைக்கோல் போருக்குள் பாய்ந்தான்" என்றுதான் எழுதியிருந்தார். 'வைக்கோல்' என்ற ஒரு சொல்லைப் பேனாவால் அடித்தார்கள். இசக்கியப்பன் போருக்குள் பாய்ந்துவிட்டார். அடுத்த வரியில் தலையை நீட்டி "எல்லாரும் போயிட்டாங்களா?" என்று கேட்கிறாரே என்று நான் சந்தேகம் கிளப்பினேன். "எதிரி போயாச்சான்னு கேக்காரு. சரியாத்தானே இருக்கு?" என்றார் ஸ்டான்லி. அவருக்கு இதற்குள் இனாம் பிரதி கிடைத்திருந்தது. பதினாலு இடத்தில் ஆப்சைடு என்று பென்சிலால் குறித்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் என்ன ஆயிற்று என்று மீனா டீச்சரிடம் விசாரித்தேன். பெயர் ஒழியவில்லையாம். இப்போது ஓட்டத்தில் முந்துகிறவனும் இசக்கியப்பன்தான். ஒருவன் கூப்பிட்டால் மற்றவன், "பழைய இசக்கியப்பனாலே, புது இசக்கியப்பனா?" என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ப அடிக்கவோ சிரிக்கவோ செய்கிறானாம்.

பேர் பாதி திரும்பியது. முத்துவடிவு பாதியோடு விடுகிறவர் இல்லை. புத்தகத்தைக் கடைசிவரை படித்துவிட்டு நாறும்பூநாதனுக்கு போன் போட்டார்.

"கடைசி ஆட்டத்துல எங்கப்பாவைக் காணோமே?"

கடைசி அத்தியாயத்தில் சண்டை ஓய்ந்து, காட்டு வெளியில் இரண்டு படையும் பந்து ஆடுகின்றன. பக்கத்துக்கு இரண்டு கோல். சமமாக முடிந்து, எதிரிகள் கைகுலுக்கிப் பிரிகிறார்கள். இசக்கியப்பன் வைக்கோலுக்குள் இருந்தபடியால் அந்த ஆட்டத்தில் கிடையாது. அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று இவர் ஒத்துக்கொண்டார்.

"சேர்த்தா மட்டும் போதாது. ஒரு கோலு போடணும். எடது காலால."

"லெப்ட் அவுட்டு கோலு போடமாட்டான், மத்தவனுக்குப் போட்டுக் குடுப்பான்" என்று பக்கத்தில் நின்ற ஸ்டான்லி போனுக்குள் குறுக்கே விழுந்து பார்த்தார்.

"மத்தவங்களுக்குப் போட்டுக் குடுத்தே அவரு காலம் போயிட்டு அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு அவரே போடட்டும்."

நாறும்பூநாதன் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் சிக்கல் புரிந்தது. இசக்கியப்பன் கோல் போட்டால் மூன்றுக்கு இரண்டு. ஆட்டம் சமமாக முடியாது. முடியாவிட்டால் கைகுலுக்கல் போச்சு, பிள்ளைகளுக்காக அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த சமாதானமும் போச்சு. அதை அவர் எடுத்துச் சொன்னபோது முத்துவடிவு கேட்டாராம்: "கை குலுக்காட்டி என்ன? அவங்க எங்கப்பாவுக்கு ரெண்டு வெரலு பாக்கியில்லா வச்சிருக்காங்க?"

இதற்குப் பதில் எழுத எந்தக் கதாசிரியருக்கும் கொஞ்சம் நாளாகும். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஆய்க்குடியிலிருந்து போன் வருகிறது.

"கோலு விழுந்துட்டா?"

"பந்து இப்பதான் அவுக காலுக்கு வந்திருக்குக்கா."

மூன்று நிமிடத்துக்குள் போன் வைக்கப்படுகிறது. நேற்றும் கேட்டுப் பார்த்தேன். பந்து இன்னும் அங்கேதான் இருக்கிறது.